புல் மூட்டை

ஈசூனில்
புல் ஒரு விரற்கடை கூடினால் புகார் வந்துவிடும்.

நாங்கள் போவோம், ஏழு பேர்,
லாரியின் பின்னால், இயந்திரங்களோடு முட்டி இடித்தபடி.
தோளில் மாட்டிக் கயிற்றை இழுத்து உறுமவிட்டால்
முழங்கால்வரை பச்சை தெறிக்கும்.
அந்த வாசனைக்கு மட்டும்
இன்னும் வாய் ஊறுகிறது எனக்கு,
நானே மாடு என்பதுபோல.

பிறகு வாருவோம். கறுப்புப் பைகளில் திணித்து
மேலேறி மிதிப்போம்.
ஒரு புளோக்குக்குப் பதினெட்டுப் பை, சில நாள் இருபது.
எங்கே போகிறது என்று முதல் வாரம் கேட்டேன்.
"துவாஸ். எரிக்க,"
என்றார் மிஸ்டர் கோ,
போன கோப்பிக் கோப்பையைத் தேடுகிறவனைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்து.

எரிக்க.

மூன்றாம் வருஷமும் கண்மாய் வெடித்துக் கிடந்த பங்குனியில்
வைக்கோல் கட்டு முந்நூற்றைம்பது.
பஞ்சவர்ணம் தோட்டை விற்று ஒரு மாதம் ஓட்டினாள்.
அப்புறம் சந்தை.
பசுவும் கன்றும் எடைக்குத்தான் போயின.
வாங்கியவன் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை,
மடியைத் தொடவில்லை.
கயிற்றை மட்டும் திருப்பிக் கொடுத்தான்.

கருகிய மிளகாய்க்குக் காப்பீடு வந்தது:
எழுபத்திரண்டு ரூபாய்.
பேங்குக்குப் போய்வர பஸ்ஸுக்கு நாற்பது.

இரண்டே முக்கால் ஏக்கரும் அருளானந்திடம் ஒத்தி.
அந்தப் பணம் ஏஜென்டிடம்.
அவள் பல்லடத்தில், நூல் மில்லில், இரவு ஷிப்ட்.
மகள் கமுதியில், ஹாஸ்டலில்.
நான் கிராஞ்சியில், பன்னிரண்டு பேர் அறையில், மேல் கட்டில்.
ஒரு ரேஷன் கார்டில் மட்டும்
மூவரும் ஒன்றாய் இருக்கிறோம்.

பக்கத்துக் கட்டில் ரஃபிகுல்.
அவன் வயலில் கடல் ஏறி உட்கார்ந்துகொண்டதாம்.
உனக்குத் தண்ணி இல்லை, எனக்குத் தண்ணி போகலை
என்று அவனுக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சிரிப்பான்.
இரண்டும் ஒரே லாரியில்தான் ஏறுகிறது.

இங்கே மழைக்குக் குறைச்சலில்லை.
மதியம் மூணு மணிக்கு
வேண்டாதவன் வீட்டு விருந்தாளி மாதிரி வந்து நிற்கும்.
மழை வந்தால் வேலை நிற்கும்.
வேலை நின்றால் அந்த மணிக்குக் காசில்லை.
வடக்கே கறுக்கும்போது
'வந்திராதே, இன்னும் ஒரு மணி நேரம் வந்திராதே'
என்று முணுமுணுக்கிறேன்.
மழைக்கஞ்சிக்கு வீடுவீடாய் மாவு வாங்கியவன்தான்,
இதே வாயால்.

போன செவ்வாய் இடி எச்சரிக்கை அடித்தது.
புளோக் எழுநூற்றிப் பதினாறின் அடியில்
இயந்திரங்களைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.
போன் வந்தது.
அருளானந்து.

"சேவுகா, ஊர்ல மழைய்யா!
நாலு நாளா விடல. கண்மாய் மறுகால் போகுது."
பஞ்சவர்ணம் சொல்லியிருக்க வேண்டியது. மகள் சொல்லியிருக்க வேண்டியது.
யாரும் அங்கே இல்லை.
"நெல்லு விதைச்சிட்டேன். ஆனா உன் மேலவயல்ல
தண்ணி நிக்க மாட்டேங்குது. கட்டுனா விடியறதுக்குள்ள வடிஞ்சிருது.
எங்கய்யா ஓட்டை?"

எனக்குத் தெரியும்.
வடமேற்கு மூலை, பனங்கட்டைக்கு இரண்டு பாகம் தெற்கே
நண்டு வளை.
மேலே மண் போட்டால் நிற்காது.
வயலுக்குள் இறங்கி, உள்வாயைக் குதிகாலால் துழாவி,
களியும் வைக்கோலும் பிசைந்து அடைக்க வேண்டும்.
என் அப்பனுக்கும் தெரியாது, நானாகக் கண்டுபிடித்தது.

போனில் மழை இரைந்தது.
எந்த ஊர் மழை என்று பிரிக்க முடியவில்லை.
"லைன்ல இருக்கியா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
ஒரு போகம் காயட்டும் என்று விட்டிருக்கலாம்.
பயிர் என்ன செய்யும், அதுக்கு யார் வயல் என்று தெரியுமா.

சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.
வைக்கோல் மறந்திராதீங்க என்றேன்.

"ஒத்தியை எப்பத் திருப்புறே?" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

மழை விட்டது. மிஸ்டர் கோ கை தட்டினார்.
ரஃபிகுல் என் காலைக் காட்டி
என்ன என்றான்.
அப்போதுதான் பார்த்தேன்,
பூட்ஸுக்குள் இடது குதிகால்
சிமெண்டுத் தரையை
அழுத்திக்கொண்டே இருந்தது.